தொட்டி ஏறுகிறது

அந்த எரிவாயுக் கிணற்றில் வேலை பார்த்தவர்கள் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தடாக்கா என்றுதான் சொல்வார்கள். சிகரெட்டுக்குத் தடா, செல்போனுக்குத் தடா, நைலான் சட்டைக்குத் தடா, அவளுடைய அனுமதி இல்லாமல் வெல்டிங் தீப்பொறி பறக்கவும் தடா. தீ வராமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. முன்பு ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் தீயணைப்புப் பிரிவில் இருந்தவள். தீயை அணைத்து அணைத்து அலுத்துப்போய், வருவதற்கு முன்பே வழிமறிக்கலாம் என்று இந்த வேலைக்கு வந்தவள்.

கேட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருப்பாள். உள்ளே போகிறவர்கள் தீப்பெட்டி, லைட்டர், போன் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுப் போக வேண்டும். கழிவுத் தண்ணீர் உறிஞ்சும் லாரியை ஓட்டுகிறவன் சாதாரணமாகப் பேசினாலே நாலு தெருவுக்குக் கேட்கும். அவனுக்கு ஹாரன் என்று பெயர்.

"உயிரை மட்டும் உள்ள எடுத்துட்டுப் போலாமாக்கா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பான்.

"அதை மறக்காம திரும்ப எடுத்துட்டு வா, போ" என்பாள்.

அவளுடைய தம்பிதான் அங்கே வெல்டர். தம்பி மனைவி சமையல். மூன்று பேரும் ஒரே வீட்டிலிருந்து ஒரே வேனில் ஏறி வந்து ஒரே வேனில் திரும்புவார்கள். வேலைத் தளத்துச் சண்டை வீட்டுக்கும் வீட்டுச் சண்டை வேலைத் தளத்துக்கும் தடையில்லாமல் போய்வந்துகொண்டிருந்தது.

அந்த வாரம் சண்டை கொஞ்சம் முற்றியிருந்தது. சமையல் கொட்டகை கிணற்றுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லி அதை வேலிக்கு வெளியே, சரிவின் அடிப்பக்கத்துக்கு மாற்ற வைத்திருந்தாள். தம்பி மனைவிக்கு ஏகக் கோபம். டீ கேனைத் தூக்கிக்கொண்டு வெயிலில் மேடு ஏறி வர வேண்டியிருந்தது.

"அண்ணிக்கு என் அடுப்பைக் கண்டாலே ஆகாது" என்று வேனில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

தம்பிக்கு வேறு வருத்தம். மேடைப் படிக்கட்டில் உடைந்திருந்த கைப்பிடியை ஒட்டவைக்க அவனை அனுப்பினால், அக்கா அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். வேறு வெல்டராக இருந்தால் ஒன்றுமில்லை. சொந்த அக்காவே போட மாட்டேன் என்றதும் ஆட்கள் அவனை ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

"தம்பிங்கறதாலதாம்மா போட மாட்டேன்" என்று அவன் மனைவியிடம் அவள் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். யாரும் சமாதானமாகவில்லை.

அது பழைய கிணறு. உள்ளே ஏதோ குழாய் பழுதாகி, சரிசெய்ய இரும்புக் கோபுரம் நிறுத்தி வேலை நடந்துகொண்டிருந்தது. கிணற்றுக்குள் கனமான உப்புத் தண்ணீரை நிரப்பி, அந்தக் கனத்தால் கீழே இருக்கும் வாயுவை அழுத்தி வைத்திருந்தார்கள். திரும்பி வரும் தண்ணீர் பக்கத்தில் இருக்கும் திறந்த இரும்புத் தொட்டியில் வந்து விழும். பம்ப் ஓடினால்தான் தொட்டிக்குத் தண்ணீர் வர வேண்டும். பம்ப் நின்றால் தொட்டி அப்படியே கிடக்க வேண்டும்.

அன்று காலை பம்ப் ஓடவில்லை. அவள் வழக்கம்போல, வாயு கசிந்தால் கீச்சிடும் கேஸ் மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றிவந்தாள். கிணற்று வாயைச் சுற்றியிருந்த சிமென்ட் குழி, வால்வுகள், டீசல் பீப்பாய்கள். மீட்டர் சத்தமே போடவில்லை. தொட்டி ஓரம் வந்தவள், உள்சுவரில் ஈரத்துக்கு மேலே காய்ந்துபோன உப்புக் கறை தெரியும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனாள். ஏன் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. தண்ணீரின் நிறம் என்னவோ போலிருந்தது, அவ்வளவுதான்.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது கோட்டைக் காணோம். தண்ணீர் அதை முழுங்கியிருந்தது.

நேராக இன்சார்ஜிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை. யாரையும் வாடா போடா என்று பேசாதவர். பதற்றம் வந்தால் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார். கோபுரத்தை மறுநாள் பிரித்து வேறு கிணற்றுக்கு அனுப்ப வேண்டும் என்று மேலிடத்திலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், தொட்டி ஏறுது."

"வெயில் மேடம். சூட்டுல தண்ணி கொஞ்சம் விரியும்."

"விரியறதுக்கும் ஒரு அளவு இருக்கு சார். பம்ப் நிக்குது. அப்ப தண்ணிய யார் தள்ளறா? கீழ இருந்து ஏதோ தள்ளுது. கிணத்து வாயை மூடிட்டுப் பாத்துடலாம்."

கண்ணாடி கழன்றது.

"மூடினா திரும்பத் திறக்கறதுக்கு மேல கேக்கணும். அரை நாள் போயிடும். ஒண்ணு செய்வோம். லாரியக் கூப்பிட்டுத் தொட்டியக் காலி பண்ணிடுவோம். அதுக்கப்புறமும் ஏறினா, நீங்க சொல்லவே வேணாம், நானே மூடிடறேன்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததுதான் வினை. அவள் இன்னும் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வாரம் முழுக்க எல்லோரிடமும் முடியாது முடியாது என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே வாய் வலித்திருந்தது.

"சரி சார். ஆனா லாரி வேலி ஓரமாத்தான் நிக்கணும், காத்து வர்ற பக்கமா. நீளமான குழாய் போட்டு உறிஞ்சட்டும். கிட்ட வரக் கூடாது" என்றாள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது ஹாரன் வந்து சேர்ந்தான். போனை வாளியில் போட்டான். வழக்கமான கேள்வியைக் கேட்டான். அவளுக்கு அன்று பதில் சொல்லத் தோன்றவில்லை.

"என்னக்கா, உம்முன்னு இருக்கே?"

"வண்டியச் சொன்ன இடத்தை விட்டு நகத்தாதே."

"நீ சொல்லி நான் என்னிக்கு மீறியிருக்கேன்?" அவன் சிரித்த சத்தத்தில் டிரில்லர் மேடையிலிருந்து எட்டிப் பார்த்தார். கோபுரத்தையும் கிணற்றின் வால்வுகளையும் இயக்குகிறவர் அவர்.

கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு காற்று நின்றது.

காற்றுத் திசை பார்ப்பதற்காகக் கம்பத்தின் உச்சியில் ஆரஞ்சுத் துணிப்பை ஒன்று கட்டியிருந்தார்கள். காலையிலிருந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்த அது, தூக்கத்தில் சாய்ந்தவன் கைபோலத் துவண்டு விழுந்தது. ஒரு இலை அசையவில்லை. பேச்சுக் குரல்கள் திடீரென்று ரொம்பப் பக்கத்தில் கேட்டன. தொட்டியின் தண்ணீர் மேல் சின்னச் சின்னக் குமிழ்கள் வந்து உடைந்துகொண்டிருப்பதை அவள் பார்த்தாள். உலை கொதிப்பதற்கு முன்னால் பாத்திரத்தின் அடியிலிருந்து கிளம்புமே, அந்த மாதிரி. மீட்டர் முதல் தடவையாகக் கீச்சிட்டது.

அந்தக் கிணற்றின் வாயு காற்றைவிடக் கனம். மேலே போகாது. தரையோடு தரையாகப் பள்ளம் பார்த்து ஊரும். பள்ளத்தில் இருந்தது சமையல் கொட்டகை. அதை அங்கே மாற்ற வைத்தவள் அவளே.

"எல்லாத்தையும் நிறுத்துங்க! கிணத்தை மூடுங்க!" என்று டிரில்லரைப் பார்த்துக் கத்திவிட்டுச் சரிவில் இறங்கி ஓடினாள்.

கொட்டகையில் பெரிய பாத்திரத்தில் சோறு பாதி வெந்துகொண்டிருந்தது. அவள் உள்ளே நுழைந்ததும் நேராகச் சிலிண்டரின் மேல் பாய்ந்து வால்வைத் திருகினாள்.

"என்ன அண்ணி இது! உலை பாதில நிக்குது. இத்தனை பேருக்கும் நான் என்னத்தைப் போடுவேன்?"

"பேசாதே. வெளிய வா."

"வேலிக்கு வெளிய தள்ளினீங்க, பேசாம வந்தேன். இங்கயும் வந்து..."

"கேஸு வருதுடி!"

தம்பி மனைவி வாயை மூடினாள். பத்து வருஷத்தில் அண்ணி அவளை 'டி' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அடுப்பின் நீலச் சுடர் சுருங்கிச் சுருங்கி, பர்னரில் ஒரு பொட்டாக ஒட்டிக்கொண்டிருந்து, அணைந்தது. அது அணைகிற வரைக்கும் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

அப்போதுதான் மேலே லாரியின் சத்தம் மாறியது.

உறிஞ்சும் பம்ப்பை ஓட்டுவதற்காக எஞ்சின் சோம்பலாக ஓடிக்கொண்டிருந்தது. அது தானாக வேகம் பிடித்தது. உறுமல் ஓலமாயிற்று. ஓலம் மேலே மேலே ஏறிக்கொண்டே போயிற்று. வண்டி நிற்கிற இடத்திலேயே நின்று நடுங்கியது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். ஒரு தடவை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். டீசல் எஞ்சின் காற்றோடு சேர்த்து எரிவாயுவையும் இழுக்க ஆரம்பித்துவிட்டால் அப்படித்தான் அலறும். அப்புறம் டீசலை நிறுத்தினாலும் அது நிற்காது.

தம்பி மனைவியை வேலி ஓரமாகவே சுற்றி கேட்டுக்கு ஓடச் சொல்லிவிட்டு அவள் மேட்டில் ஏறினாள். லாரி வேலி ஓரத்தில் இல்லை. தொட்டியை ஒட்டி நின்றது. நீளக் குழாயில் சரியாக இழுக்கவில்லை என்று ஹாரன் சொல்லியிருக்கிறான். கொஞ்சம் கிட்ட வா என்று இன்சார்ஜ் கையைக் காட்டியிருக்கிறார். அவள் கொட்டகைக்குள் நின்ற நேரத்தில் நடந்தது அது. அவள் கத்தியது எஞ்சின் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை.

ஹாரன் வண்டியின் படியில் நின்றுகொண்டிருந்தான். சாவியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். சாவியைப் பார்த்தான், எஞ்சினைப் பார்த்தான், மறுபடியும் சாவியைப் பார்த்தான். அவன் வாய் அசைந்தது. ஊரையே எழுப்புகிற அந்தக் குரல் அந்த அலறலில் துளியும் கேட்கவில்லை.

"ஓடுங்க! கேட்டுக்கு ஓடுங்க! எதையும் தொடாதீங்க!"

ஆட்கள் ஓடினார்கள். ஹாரனும் குதித்து ஓடினான். ஒருவன் மட்டும் எதிர்த் திசையில் ஓடினான். அவளுடைய தம்பி. வெல்டிங் கொட்டகைச் சுவரில் தொங்கிய தீப்போர்வையைப் பிடுங்கித் தண்ணீர் வாளியில் முக்கி எடுத்துக்கொண்டு லாரிப் பக்கம் போனான்.

"தம்பி! வேண்டாம்டா! விட்டுட்டு வாடா!"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. எஞ்சின் மூச்சிழுக்கும் குழாய் வண்டியின் பக்கவாட்டில் இருந்தது. ஈரப் போர்வையைச் சுருட்டி அதன் வாயில் வைத்து நெஞ்சால் முட்டுக் கொடுத்து அழுத்தினான். குழாய் போர்வையை உள்ளே இழுத்தது. வண்டி இருமியது. உலுக்கியது. இன்னொரு தடவை இருமியது. நின்றது.

அவ்வளவு அமைதியை அந்த இடம் கண்டதே இல்லை. தொட்டியில் குமிழ்கள் உடையும் சத்தம் மட்டும் கேட்டது. மேடையிலிருந்து டிரில்லர் கையை உயர்த்திக் காட்டினார். கிணற்று வாயை மூடிவிட்டார். மூடியதும் அழுத்தமானியின் முள் கிடுகிடுவென்று மேலே ஏறியது. வெயிலில் விரிந்த தண்ணீர் இல்லை அது. கிணறு காலையிலிருந்தே உயிரோடுதான் இருந்திருக்கிறது.

கேட்டுக்கு வெளியே எல்லோரும் கூடினார்கள். ஒருவன் சிரித்தான். உடனே எல்லோருக்கும் சிரிப்பு வந்தது.  தம்பி மனைவி புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்து, இரண்டு அடி வைத்து, அப்புறம் அதே சட்டையில் முகத்தை வைத்து அழுதாள்.

"நல்லவேளை மேடம்" என்றார் இன்சார்ஜ். கண்ணாடியைத் துடைக்கத் துணி கிடைக்காமல் வெறும் விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகல."

"இன்னும் கேஸ் அங்கயேதான் சார் கிடக்கு. காத்து இல்ல, எங்க போகும்?" என்றாள் அவள். தலைகளை எண்ண ஆரம்பித்தாள்.

ஒரு தலை குறைந்தது. தப்பாக எண்ணிவிட்டோமோ என்று திரும்ப எண்ணினாள்.

"ஹாரன் எங்க?"

"இங்கதாங்க்கா இருந்தான். வண்டி அங்கயே நின்னா அதுவே வினையாயிடும், நகத்தி வெளிய விட்டுட்டா எல்லாருக்கும் நல்லதுன்னு சொல்லிட்டு இருந்தான்."

அவள் திரும்பினாள். லாரியின் மறுபக்கக் கதவு திறந்திருந்தது. போர்வையை உருவித் தரையில் போட்டிருந்தான். கண்ணாடிக்குப் பின்னால் அவன் தலை தெரிந்தது. குனிந்துகொண்டிருந்தான்.

அவள் கத்தினாள். எல்லோரும் கத்தினார்கள். கதவைச் சாத்திக்கொண்டவனுக்குக் கேட்கவில்லை.

முதலில் சத்தமே வரவில்லை. வண்டியின் அடியிலிருந்து நீலமாக ஏதோ தரையில் ஓடியது. தரைமேல் இருந்த காற்று முழுவதும் ஒரே நேரத்தில் நிறம் மாறியது. அதற்குப் பிறகுதான் நெஞ்சில் குத்துவிட்டதுபோல ஒரு 'தம்'. வெக்கை கேட் வரைக்கும் வந்து அவர்கள் முகத்தை அறைந்துவிட்டுப் போயிற்று. தீ சரிவில் இறங்கிச் சமையல் கொட்டகைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது. தொட்டி பிடித்துக்கொண்டது.

யார் தடுத்தும் நிற்காமல் தம்பி ஓடினான். இந்தத் தடவை அவளும் அவனோடு ஓடினாள். டிரில்லரின் ஆட்கள் நுரைக் குழாயைத் திறந்து அவர்கள் முதுகின் மேலேயே அடித்தார்கள். ஹாரனை இழுத்துக்கொண்டு வந்து மணலில் போட்டபோது அவனுக்கு நினைவு இருந்தது.

"வண்டி..." என்றான். மெதுவாகச் சொன்னான்.

தொட்டி சாயங்காலம் வரை எரிந்தது. கிணற்று வாய் மூடியிருந்ததால் தீ அதற்கு மேல் போகவில்லை. கோபுரம் தப்பித்தது. மற்றவர்கள் தப்பித்தார்கள்.

ஹாரன் தப்பவில்லை. ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தான். தம்பியின் முதுகுத் தீக்காயத்துக்கு மருந்து வைக்கக் கூட்டிக்கொண்டு போனபோதெல்லாம் அவள் அந்த வார்டு வாசலில் போய் நின்றாள். கடைசி நாளன்று அவன் மனைவி வெளியே வந்து பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். 

"ஓடி வந்துட்டாருன்னாங்களே. அப்புறம் ஏங்க்கா திரும்பப் போனாரு?"

"வண்டி நடுவுல நின்னா மத்தவங்களுக்கு ஆபத்துன்னு நினைச்சிருக்கான்மா. ஓரமா எடுத்து விடத்தான் போனான்."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். "அப்படித்தான் செய்வாரு. ரோட்டுல கல்லு கிடந்தாக்கூட இறங்கி எடுத்துப் போட்டுட்டுத்தான் வண்டிய எடுப்பாரு. நேரமாகுதுன்னு நான் திட்டுவேன்."

விசாரணைக்கு வந்தவர்கள் அவளிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். உத்தரவை மீறி டிரைவர் உள்ளே போனானா இல்லையா? ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோருக்கும் வேலை சுலபமாக முடியும் என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

"ஓடுன்னு சொன்னேன், ஓடி வந்தான். திரும்பப் போகாதேன்னு தனியா நான் சொல்லல. தொட்டி காலைலேருந்து ஏறிட்டிருந்தது. அதை மட்டும் கேளுங்க. அது ஏறறப்பவே கிணத்தை மூடியிருந்தா லாரியே வந்திருக்காது."

"தொட்டி ஏறினதை நீங்க ஒருத்தர்தான் பாத்ததாச் சொல்றீங்க."

அறையின் கோடியில் உட்கார்ந்திருந்த இன்சார்ஜ் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். துடைக்கவில்லை.

"நானும் பாத்தேன்" என்றார். "அவங்க சொல்றதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்."

அதற்குப் பிறகு அவரை அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் கிணற்று வேலையைத் திரும்ப ஆரம்பிக்கப் போவதாக வீட்டுக்குத் தகவல் வந்தது. அதே கிணறு, புது இன்சார்ஜ். அழுத்தம் இன்னும் அடியில் அப்படியேதான் இருக்கிறதாம், பழுது பார்க்காமல் விட்டால் தானாக வெடித்துக்கொண்டு வருமாம்.

தம்பி மனைவி தட்டுகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "போகப் போறீங்களா அண்ணி?"

"தெரியல."

"நான் வர மாட்டேன். இவரையும் விட மாட்டேன்."

 முதுகுத் தோல் இன்னும் இழுத்துப் பிடிப்பதால் தம்பி சுவரில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"நான் போகலன்னா வேற ஆளைப் போடுவாங்க" என்றாள் அவள், யாரையும் பார்க்காமல்.

"போடட்டுமே."

"புது ஆளு. புது இன்சார்ஜ். அவரு வெயில்னு சொல்லுவாரு. இவன் சரிங்க சார்ம்பான்."

தம்பி மனைவி குழாயை மூடினாள். ஜன்னலுக்கு வெளியே கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகள் அசையாமல் தொங்கின. மூன்று பேரும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவற்றில் ஏதாவது ஒன்று அசையாதா என்று.